ஐந்து யூனிட்

மனைவி தேன்மொழி இறந்த மருத்துவமனையிலிருந்தே ரத்தம் கேட்டு அழைத்தபோது நவநீதன் மறுக்கவில்லை. கொடுத்து முடித்து, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்தியபடி வெளியே வந்தவனை, அந்த ரத்தம் போகவிருந்த நோயாளியின் கணவர் பிடித்துக்கொண்டார்.

"வீட்டம்மாவுக்கு வியாழக்கிழமை ஹார்ட் ஆபரேஷன், தம்பி. அஞ்சு யூனிட் ரத்தம் ஏத்த வேண்டியிருக்கும்னு கம்ப்யூட்டர் கணிச்சுச் சொல்லுதாம். அவ்வளவு போனா தாங்குவாளா?"

தேன்மொழியின் ஆபரேஷனுக்கு அதே கம்ப்யூட்டர் சொன்னது ஒரே ஒரு யூனிட். கணிப்பு தப்பவுமில்லை, அவள் உயிர் வேறு வழியில் போனது.

"என் மனைவிக்கும் அஞ்சுதான் சொல்லுச்சு," என்றான்.

அவர் நீளமாக மூச்சு விட்டார். "அப்ப பயமில்ல. ரத்தம் குடுத்திருக்கீங்க, ராத்திரிக்கு ஈரல் வறுத்துத் தரச் சொல்லுங்க வீட்ல."

ரத்தம் எப்போதோ நின்றிருந்தது. அவன் பஞ்சை எடுக்கவில்லை.

"சொல்றேங்க," என்றான்.