மொட்டை மேப்பிள்

ஆறு மாதச் சிகிச்சை முடிந்தது. வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் சுகிர்தா நேராகக் கோவைப் பூங்காவுக்கு வந்தாள்.

அங்கே குடும்பத்துக்கு ஒரு மேப்பிள் மரம். பதிவு செய்த அத்தனை பேரும் வந்து பார்க்கும்வரை சிவந்த இலைகளை உதிர்க்காது. "நீ வராம நாங்க பாக்க மாட்டோம்" என்று கணவன் தினகர் கையடித்துச் சொல்லியிருந்தான்.

மரம் மொட்டையாக நின்றது.

"எல்லாரும் போன வாரமே பாத்துட்டாங்களேங்க" என்றார் காவலாளி.

"அதெப்படிங்க? நாங்க நாலு பேராச்சே!"

அவர் திரையைத் தட்டினார். "மூணுதானுங்க. தினகர், ரெண்டு புள்ளைங்க. சுகிர்தாங்கிறவங்க தவறிட்டாங்கன்னு சொல்லி, வீட்டுக்காரரே பேரை எடுத்துட்டாருங்க."

சுகிர்தா எட்டி அந்தத் திரையைப் பார்த்தாள்.

காவலாளி குரலைத் தாழ்த்தினார்.

"அவங்க உங்களுக்கு என்ன வேணும்ங்க?"