கலர் மாஸ்டர்

"மாஸ்டர், இன்னா அங்கயே உக்காந்துட்டீங்க? டிவி கிட்ட வாங்க. கலரை நீங்கதான் சரி பண்ணணும்!"

முதலாளி முனீர் அகமது கூப்பிட்டதும் ஆதிகேசவன் மூலையில் இன்னும் ஒடுங்கி உட்கார்ந்தார்.

முதலாளி சிங்கப்பூர் போய்விட்டு வரும்போது வாங்கி வந்த டிவி அது. ஆம்பூரில் அந்தத் தெருவுக்கே முதல் கலர் டிவி. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவருடைய தோல் பதனிடும் ஷாப்பு ஆட்களும் அக்கம்பக்கத்தாரும் கூடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெண்களுக்கு மட்டும் பக்கத்து அறை, நடுவில் ஒரு மூங்கில் திரை.

"நான் எதுக்கு முதலாளி? இருக்கறபடியே இருக்கட்டுமே."

"நல்லா சொன்னீங்க! ஜெர்மனிக்காரன் அனுப்புற சாம்பிளைப் பாத்தவுடனே இன்னா ஷேடுன்னு சொல்ற ஆளு. உங்களை வெச்சுக்கிட்டு நான் கை வைக்கலாமா?"

முதலாளியின் ஷாப்பில் ஆதிகேசவன்தான் கலர் மாஸ்டர். இருபத்தேழு வருஷ சர்வீஸ். எந்தத் தோலுக்கு எந்தச் சாயம் என்று அவர் சொன்னால் சொன்னதுதான். முதலாளி ஒரு நாளும் தோலைத் தூக்கிப் பார்த்ததில்லை. "மாஸ்டர் ஓகேவா? அப்போ அனுப்பு" என்பதோடு சரி. அப்பேர்ப்பட்ட நம்பிக்கை.

அந்த மாஸ்டருக்கு இப்போது கலர் தெரியாது. இரண்டு வருஷமாகச் சிவப்பு, பச்சை, பழுப்பு எல்லாம் ஒரே மண்ணாகத்தான் தெரிகின்றன. கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். விஷயம் தெரிந்த ஒரே ஆள் மனைவி தனகோடி. சாயம் போட்ட தோலில் ஒரு துண்டை ஆதிகேசவன் டிபன் பாக்ஸில் ஒளித்து வீட்டுக்கு எடுத்துப்போவார். அவள் அதைச் சாம்பிளோடு வெயிலில் வைத்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் செவப்பு வேணுங்க" என்பாள். அப்படித்தான் பிழைப்பு ஓடுகிறது. வெளியே தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். கலர் தெரியாத கலர் மாஸ்டரை ராணிப்பேட்டை வரைக்கும் எந்த ஷாப்பிலும் சேர்க்க மாட்டார்கள்.

இப்படி ஏதாவது வரும் என்று பயந்து, வரும் வழியிலேயே இருவரும் பேசிவைத்திருந்தார்கள். கலர் சரியாக இருந்தால் தனகோடி திரைக்குப் பின்னாலிருந்து வளையலைக் குலுக்க வேண்டும்.

ஆதிகேசவன் டிவியின் கலர் குமிழைத் திருப்பினார். வளையல் குலுங்கியது. அப்பாடா என்று கையை எடுத்தார். மறுபடியும் குலுங்கியது. அந்தக் கோடியிலும் குலுங்கியது. உள்ளே இருபது பெண்கள். இருபது பேருமே வளையல் போட்டிருந்தார்கள்!

வருவது வரட்டும் என்று குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பிவிட்டார்.

"எப்டி இருக்கு?" என்று முதலாளி கூட்டத்தைக் கேட்டார்.

"சூப்பர் முதலாளி!" என்றது கூட்டம்.

அதோடு முதலாளி விட்டாரா? காலையில் இந்திப் பாட்டு, மத்தியானம் வங்காளப் படம், அப்புறம் விவசாய நிகழ்ச்சி. நிகழ்ச்சி மாறும்போதெல்லாம், "மாஸ்டர், இதுக்கு சரியா இருக்கா பாருங்க" என்று கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் ஆதிகேசவன் எழுந்து போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்து, குமிழை லேசாகத் தொட்டுவிட்டு வந்தார். மத்தியானம் போட்ட பிரியாணி அவருக்கு இறங்கவே இல்லை. முதலாளி டிவியை விடத் தன்னையே ஜாஸ்தி பார்ப்பதாகத் தோன்றியது.

நல்லவேளை, சாயந்திரம் தமிழ்ப் படம் பழைய கறுப்பு வெள்ளை. இரண்டரை மணி நேரம் நிம்மதியாக மூச்சு விட்டார். படம் முடிந்து செய்தி வந்ததும் மறுபடியும் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஒருவழியாகக் கூட்டம் கலைந்தது. வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவரைத் தனகோடி ஓரமாக இழுத்தாள்.

"மோசம் போய்ட்டோங்க. எல்லார் மூஞ்சியும் மருதாணி அப்புன மாதிரி செவசெவன்னு இருந்துச்சு. நியூஸ் படிச்ச பொண்ணுக்குப் பல்லு கூட செவப்பு!"

"அய்யோ! எல்லாரும் நல்லா இருக்குன்னாங்களேடி?"

"அவங்க எப்போ கலர் டிவி பாத்தாங்க? மாஸ்டரே திருப்பிட்டாரு, கலர்னா இதுதான் போலன்னு நெனச்சிக்கிட்டாங்க. முதலாளி அப்டியா? அவரு சிங்கப்பூர்லயே பாத்தவராச்சே! அவருக்குத் தெரியாம இருக்குமா?"

ஆதிகேசவனுக்கு நாள் முழுக்கக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திருப்பச் சொன்னது எதற்கு என்று இப்போது புரிந்தது. சோதித்துப் பார்த்திருக்கிறார்.

"மாஸ்டர்!" உள்ளேயிருந்து முதலாளியின் குரல். "போய்டாதீங்க. நீங்க மட்டும் உள்ள வாங்க."

போனார். முதலாளி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"காலையிலேர்ந்து உங்களைத்தான் பாத்துட்டு இருக்கேன் மாஸ்டர்."

"முதலாளி..." ஆதிகேசவன் காலில் விழுந்துவிடலாம் என்று குனிந்தார். "என்னை மன்னிச்சு..."

"இருங்க, இருங்க. மொதல்ல நான் கேக்கறதுக்கு ஒளிக்காம பதில் சொல்லுங்க." முதலாளி ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தார்.

"கலரு நெஜமாவே சரியா இருந்துச்சா? எனக்குப் பொறந்ததுலேர்ந்தே செவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும் மாஸ்டர். வெளிய தெரிஞ்சா ஒரு பார்ட்டியும் ஆர்டர் குடுக்க மாட்டான். அல்லா கிருபையில, உங்க கண்ணை நம்பித்தான் இருபத்தேழு வருஷமா ஷாப்பை ஓட்டிட்டு வர்றேன்!"