மூன்று வீடு, ஒரு வாசல்

"முடியவே முடியாது மாப்பிள்ளை! அவங்க சைட்டோட என் சைட்டைக் கலக்கறதுக்குப் பதிலா ஹாலையே இழுத்துப் பூட்டிட்டுப் போயிடுவேன்!"

பெரிய மச்சான் மேசையில் குத்திய குத்தில் பேனா டம்ளர் கவிழ்ந்தது. விழாக்களுக்கு வாடகைக்கு விடும் ஹால் அவருடையது. அங்கே சமையல் சின்ன மச்சானுடையது. மேடை அலங்காரம் இருவருக்கும் மூத்த அக்காவுடையது. மூவருக்கும் தனித்தனி வெப்சைட். பிள்ளைக்குப் பிறந்தநாள் கொண்டாட நினைத்தவர் மூன்று இடத்தில் பெயர் கொடுத்து, மூன்று பாஸ்வேர்டு போட்டு முடிப்பதற்குள் பிள்ளைக்கு அடுத்த வயது வந்துவிடும்.

மூன்று மாதமாக அந்த மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. போர்டில் யார் பெயர் மேலே வருவது என்பதில் ஆரம்பித்த சண்டை.

"கலக்க வேண்டாம் மச்சான்," என்றார் மாப்பிள்ளை. அந்த வீட்டுக் கடைக்குட்டியைக் கட்டியவர், கம்ப்யூட்டர் படித்தவர். "உங்க சைட்ல ஒரு எழுத்தைக்கூடத் தொடமாட்டேன். முன்னாடி ப்ராக்ஸின்னு ஒண்ணை நிறுத்தறேன். வாசல்ல நிக்கிற ஆள் மாதிரின்னு வச்சுக்குங்க. ஹால் வேணும்னு வந்தா உங்ககிட்ட அனுப்பும். சாப்பாடுன்னா சின்ன மச்சான்கிட்ட, பூன்னா அக்காகிட்ட. வர்றவங்க கண்ணுக்கு ஒரே கடை. உள்ளே நீங்க மூணு வீடு."

"அவங்க மூஞ்சில நான் முழிக்க வேண்டாமே?"

"வேண்டவே வேண்டாம்."

"அப்ப சரி." பெரிய மச்சான் பேனாக்களைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார். "ஆனா வாசல்ல நிக்கிற அந்த ஆளை யார் பார்த்துக்கறது? முழு நேரமும் ஒருத்தர் வேணுமில்ல? ஆபீஸை விட்டுட்டு நீங்களே வந்துடுங்களேன்."

மாப்பிள்ளை கவிழ்ந்த டம்ளரை நிமிர்த்தி வைத்தார். விடுவதற்கு ஆபீஸ் எங்கே இருக்கிறது? வேலை போய் மூன்று மாதமாகிறது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. காலையில் டிஃபன் பாக்ஸோடு கிளம்பி, நூலகத்து மூலை மேசையில் உட்கார்ந்து வேலை தேடிவிட்டு, மாலையில் களைத்த முகத்தோடு வீடு திரும்புவதுதான் இப்போது அவர் வேலை.

'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் பிழைப்பு கிடைத்துவிடும். ஆனால் நல்ல வேலையை எதற்கு விட்டீர்கள் என்று மனைவி துருவுவாளே? துருவினால் எல்லாம் வெளியே வரும். மச்சான்கள் தயவில் நிற்கிறவன் என்ற பேரும் கூடவே வரும்.

"பார்க்கலாம் மச்சான்... ஆபீஸ்ல விடமாட்டாங்க," என்று எழுந்துவிட்டார்.

அடுத்து சமையல்கூடத்துக்குப் போனார். சின்ன மச்சான் கரண்டியும் கையுமாகவே பேசினார். "என் மெனுவுக்கு மேல அந்த ஹால் படம் வந்துச்சு, கரண்டி பறக்கும், சொல்லிட்டேன்!"

அக்கா பூக்கூடைக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டினார். "அந்த ரெண்டு கழுதைங்களும் எனக்குப் பின்னாடிதான் நிக்கணும் தம்பி!"

சண்டை போட்டு ஓய்ந்ததும் இவர்களும் அதையே கேட்டார்கள்: "நீங்களே வந்து பார்த்துக்கக் கூடாதா?"

ஒரே வாரத்தில் வாசல் திறந்தது. ஆர்டர்கள் வந்தன. கூடவே போன்களும் வந்தன. தினமும் பதினோரு மணிக்கு நூலகத்து மாடிப்படிக்கு ஓடி, "மீட்டிங்ல இருக்கேன்" என்று கிசுகிசுத்தபடி அவர் எடுப்பார்.

"மாப்பிள்ளை, என் பக்கம் ஆமை மாதிரி நகருது! எல்லாம் அந்தச் சமையல்காரன் சதி!"

வைத்த மறுநிமிடம் சின்ன மச்சான். "ஹால்காரர் என் வழியை மறிச்சுட்டார்!"

அவர் வைப்பதற்குள் அக்கா. "என் பூ எல்லாம் தலைகீழாத் தெரியுது தம்பி!"

எட்டாம் நாள் மாப்பிள்ளைக்கே பொறுக்கவில்லை. மூன்று பேருக்கும், தினமும், ஒரே நேரத்திலா கோளாறு வரும்? லேப்டாப்பைத் திறந்தார்.

ப்ராக்ஸி, வாசலுக்கு வரும் ஒவ்வொருவரும் எந்த இணைய இணைப்பிலிருந்து வருகிறார்கள் என்று எண்ணோடு குறித்து வைத்துக்கொள்ளும். அந்தப் பதிவைப் பார்த்தார். வாடிக்கையாளர்களுக்கு ஆளுக்கொரு எண் இருந்தது. தங்கள் கடையைப் பார்க்க அவரவர் பெயரில் நுழைந்த பெரிய மச்சானுக்கும் சின்ன மச்சானுக்கும் அக்காவுக்கும் மட்டும் ஒரே எண். எட்டு நாளும் பதினோரு மணிக்கு அதே எண்.

தான்தான் எங்கோ தப்பாக எழுதிவிட்டோம் என்று நினைத்து, வரி வரியாகச் சரிபார்த்தார். தப்பில்லை. எண்ணை மறுபடி உற்றுப் பார்த்தார். அது அவருக்கு மனப்பாடமான எண். அவர் வீட்டு வைஃபை.

பையைக்கூட எடுக்காமல் ஓடினார்.

மாடி ஏறி, அழைப்பு மணியில் விரல் வைக்கப் போனபோது, கதவுக்குப் பின்னால் நாலு பேர் சேர்ந்து சிரிக்கும் சத்தம் கேட்டது.

"என்னைக் கழுதைன்னு சொன்னியாமே அக்கா? அதை மட்டும் மன்னிக்கமாட்டேன்." பெரிய மச்சானின் குரல்.

"நடிக்கறதுன்னு வந்துட்டா முழுசா நடிக்கணும்டா!"

"ஆமா, இன்னும் எத்தனை நாளைக்கு இப்படிச் சண்டை போடறது? எனக்குப் போன்லயே சிரிப்பு வந்துடுது." இது சின்ன மச்சான்.

"அவரா வாயைத் திறந்து 'நானே பார்த்துக்கறேன்'னு சொல்ற வரைக்கும் போடுங்கண்ணா," என்றாள் அவர் மனைவி. "வேலை போன அன்னைக்கே எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா மனுஷன் ஒடிஞ்சு போயிடுவார். சரி சரி, கிளம்புங்க... மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு, ஒவ்வொருத்தரா!"