ரங்கூன் சேதி

சொரிமுத்துக் கிழவர் பேப்பரையும் நம்பமாட்டார், அதைப் படிக்கிறவனையும் நம்பமாட்டார். ஆனாலும் மகன் ரங்கூனில் இருந்ததால், தென்காசிக் காப்பிக்கடைக்குத் தினமும் சேதி கேட்க வந்துவிடுவார்.

அன்று, கடையில் எல்லோருக்கும் பேப்பர் வாசித்துக் காட்டும் பிச்சைமணி வாசித்து முடித்ததும் கிழவர் எழுந்து நின்றார்.

“ஏலே, ரங்கூனைப் பத்தி இன்னைக்கும் ஒண்ணும் இல்லியோ?”

“இல்ல அண்ணாச்சி.”

“பொய் சொல்லாதலே! நேத்துப் பேப்பரத் தபால்காரருகிட்டக் குடுத்துக் கேட்டேன். அங்க ஜப்பான்காரன் குண்டு விழுந்திருக்காம். எழுத்துத் தெரியாதவன்னுதான ஏய்க்க? சர்க்கார்காரன் எவ்வளவுலே குடுத்தான்?”

பிச்சைமணி பேப்பரை மடித்தான்.

“சர்க்கார் இல்ல அண்ணாச்சி. ஒங்க பேத்தி உச்சிமாகாளிதான் வந்து சொன்னா. ‘குண்டு சேதி கேட்டா தாத்தா சாப்பிட மாட்டேங்காரு. அதப் பாத்து, அப்பா செத்துட்டாருன்னு தம்பி அழுவுதான், சோத்தையே தொட மாட்டேங்கான். இனிமே அத வாசிக்காதீங்க மாமா’ன்னா. எட்டு வயசுப் பிள்ளைகிட்ட நான் என்னத்தச் சொல்ல?”

 கிழவர் விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தார்.

வாசலில் பேத்தி அவர் முகத்தையே பார்த்தாள். அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு தம்பி நின்றான்.

“ஏட்டி, ரங்கூன்ல இந்த வருசம் நெல்லு நல்ல விளைச்சலாம். வேற ஒரு சேதியும் இல்ல” என்றார் கிழவர். “பசி உயிர் போவுது. மூணு பேருக்கும் சோறு வையி.”