மூன்றாவது முறை

அவள் கையெழுத்துப் போட வேண்டியது ஒரே ஒரு வரிக்குக் கீழே.

'விடுப்பில் இருந்ததால், பணியின்போது நேர்ந்த மரணமாகக் கருத இயலாது.'

வரியை எழுதியதும் அவள்தான். தீயணைப்பு வீரர்களின் ஓய்வூதியப் பிரிவுக்கு அதிகாரியாக வந்து ஒன்பது வருடம். இந்த மாதிரிக் கோப்புகளில் அவள் தயங்கியதில்லை. அழைப்பு வந்திருக்க வேண்டும். அதை ஏற்றுப் போயிருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம்.

இறந்துபோன தீயணைப்பாளர் செல்லப்பாண்டி மூன்று நாள் விடுப்பில் மாமனார் ஊருக்குப் போயிருந்தார். நிலையத்துப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எந்த அழைப்பும் இல்லை.

விசாரணை அறிக்கை ஒன்றரைப் பக்கம்.

தூர்வாரிக்கொண்டிருந்த கிணறு. தண்ணீர் இறைக்க டீசல் இன்ஜினை உள்ளேயே இறக்கியிருந்தார்கள். அந்தப் புகையில், அடியில் நின்ற இருவர் மயங்கி விழுந்தார்கள். செல்லப்பாண்டி ஓடிவந்தார். ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு இறங்கினார். ஒருவரை மேலே அனுப்பினார். ஏறிவந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி இறங்கினார். இன்னொருவரையும் கொண்டுவந்தார்.

இருவரும் பிழைத்தார்கள்.

பிறகு மூன்றாவது முறையும் இறங்கினார். ஏறிவரவில்லை.

'மூன்றாவது முறை இறங்கியதற்கான காரணம் தெரியவில்லை' என்று முடிந்திருந்தது அறிக்கை.

நிராகரிக்கும் முன் மனுதாரரை நேரில் கேட்க வேண்டும். அதற்காக அழைத்திருந்தாள். எதிரே செல்லப்பாண்டியின் மனைவி காளீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கதவோரம் ஒரு ஆள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"இவர் யார்?"

"எங்க ஊருக்காரர்தான் மேடம், குருவையா. ஆபீசுல ஒரு விஷயம் சொல்லணும்னு கூடவே வந்தாரு. பஸ்ஸுல கேட்டேன். அங்க வந்து சொல்றேன்னுட்டாரு."

குருவையா கதவோரத்திலிருந்து நகரவில்லை.

"அந்தக் கிணத்துல மூணு பேரு வேலை பாத்தோம்மா. அவங்க ரெண்டு பேரும் உள்ள. நான் மேல, கயித்துக்கு."

அறிக்கையில் அவர் பெயரே இல்லை.

"ரெண்டு பேரும் சாயறதப் பாத்ததும் கத்திக்கிட்டே ஓடுனேன். தெருவுல ஒரு வீட்டுக்குள்ள இருந்து, எந்தக் கிணறுன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. மேலக் கிணறுன்னேன். யாருன்னு நின்னு பாக்கல. வண்டி பிடிக்க ரோட்டுக்கு ஓடிட்டேன்."

காளீஸ்வரி தலை நிமிர்ந்தாள்.

"அது எங்க வீடு. அவுக சாப்பிட்டுக்கிட்டு இருந்தாக."

குருவையா தரையைப் பார்த்தபடி தொடர்ந்தார்.

"ரெண்டாவது ஆளத் தூக்கிவிட்டுட்டு அவரு மேலதான் நின்னாராம். நல்லாத்தான் நின்னாராம். கிணத்து மேட்டுல எங்க செருப்பு கெடந்துச்சு. மூணு சோடி. நான் வெறுங்கால்ல ஓடியிருந்தேன்."

மின்விசிறியில் கோப்பின் தாள்கள் படபடத்தன. அதிகாரி கையால் அழுத்திப் பிடித்தாள்.

"செருப்பப் பாத்துட்டு, இன்னொருத்தன் உள்ள இருக்கான்னு சொன்னாராம். அங்க நின்னவங்க யாருக்கும் தெரியல, நான் ஓடுனது. கயித்தப் புடிச்சிருந்தது என் மச்சினன். அவனே அப்பத்தான் வயக்காட்டுல இருந்து வந்திருக்கான். என்கிட்ட மட்டும்தான் இதச் சொன்னான். விசாரிக்க வந்தப்ப நானும் அவனும் வாயத் தொறக்கல. பயம்."

தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார்.

"என்னையத் தேடித்தாம்மா இறங்கியிருக்காரு. நான் ரோட்டுல நிக்கேன்."



இந்த மேசையில் எத்தனையோ மரணங்களை அவள் படித்திருக்கிறாள். இடிந்த சுவர், வெடித்த கிடங்கு, வெள்ளத்தில் அறுந்த கயிறு. இல்லாத ஒருவனுக்காக ஒரு மனிதர் இறங்கியதைப் படித்ததில்லை. முகம் தெரியாது. பெயர் தெரியாது. ஒரு சோடிச் செருப்பு போதுமாக இருந்திருக்கிறது.



காளீஸ்வரியைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஐந்து மாதமாகத் தெரியாதிருந்தது இப்போதுதான் அவளுக்கும் தெரிகிறது. எழுந்துபோய் அந்த ஆளை அடிக்கலாம். கதறலாம். எதுவும் நியாயம்தான்.

காளீஸ்வரி குருவையாவின் பக்கம் திரும்பினாள்.

"நல்லவேளைண்ணே. நீங்க உள்ள இல்ல."

குருவையா அப்படியே சுவரோரம் குந்தி உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதிகாரி பேனாவைத் திறந்தாள். தன் வரியைக் குறுக்கே அடித்தாள். புதுத் தாளில், ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

அழைப்பு: வந்தது. அழைத்தவர்: குருவையா. ஏற்றவர்: தீயணைப்பாளர் செல்லப்பாண்டி.

சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் வழங்கலாம்.

குருவையாவின் வாக்குமூலத்தை அவளே எழுதி வாசித்துக் காட்டினாள். அவர் கைநாட்டு வைத்தார். மச்சினனும் வந்து சொல்ல வேண்டும் என்றாள். கூட்டிவருவதாகச் சொன்னார். காளீஸ்வரிக்கு எப்போது உத்தரவு வரும், எங்கே போய் வாங்க வேண்டும் என்று சொன்னாள். எல்லாவற்றுக்கும் அவள் தலையசைத்தாள். கும்பிட்டுவிட்டு வெளியேறினாள்.

அதிகாரி எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஜன்னலுக்குப் போனாள்.

கீழே வெயில். பஸ் நிறுத்தம் எதிர்ப்பக்கம். காளீஸ்வரி முன்னால் நடந்தாள். குருவையா பத்தடி தள்ளி, அவள் நிழலில்கூடக் கால் படாமல் வந்தார்.

சாலை விளிம்பில் காளீஸ்வரி நின்றாள்.

ஒரு லாரி போனது. ஒரு பஸ் போனது. சாலை காலியானது.

அவள் கடக்கவில்லை.

திரும்பி, அவர் வந்து சேரும்வரை காத்திருந்தாள்.