வழிப் பாடம்

"மறுபடியும் சொல்லு. நம்ம வீட்டுக் கதவு என்ன நிறம்?"

"பச்சை. இப்பத்தானேம்மா சொன்னேன்!"

"இன்னொரு தடவை சொன்னா வாய் வலிக்குமா? சரி, அப்பா போன் நம்பர்?"

ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள் கடகடவென்று ஒப்பித்தாள். வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர். அவசரத்தில் நடுவில் ஓர் எண்ணை விழுங்கிவிட்டாள். அம்மா விடுவாளா? முதலிலிருந்து ஆரம்பிக்க வைத்தாள்.

தினமும் வீட்டில் செய்ய ஒரு பயிற்சியைப் பள்ளிக்கூடத்திலிருந்து போனில் அனுப்புவார்கள். வீட்டில் உள்ள வட்டமான பொருட்களைத் தேடி அடுக்குவது இன்றைய பயிற்சி. தட்டு, டப்பா மூடி, அப்பாவின் சட்டையிலிருந்து விழுந்த பொத்தான் என்று வாலு தரை முழுக்கப் பரப்பி வைத்திருந்தாள். அம்மா எல்லாவற்றையும் ஒரே தள்ளாகச் சுவரோரம் தள்ளினாள்.

"போட்டோ எடுத்து டீச்சருக்கு அனுப்பணும்மா."

"ஒருநாள் அனுப்பலைன்னா டீச்சர் ஒண்ணும் அழ மாட்டாங்க. செருப்பைப் போடு."

"இன்னைக்கும் வழிப் பாடமா?" வாலுவின் முகம் சுண்டிப்போயிற்று.

அம்மா சமீபம் வரை தபால்காரியாக இருந்தவள். கண்ணைக் கட்டி விட்டாலும் அந்த வட்டாரத்தில் யார் கடிதத்தையும் சரியான வீட்டில் சேர்த்துவிடுவாள் என்று தபால் நிலையத்தில் பெயர். அப்படிப்பட்டவள் திடீரென்று ஒருநாள் வேலையை விட்டுவிட்டாள். "இனிமே பிள்ளைக்கு நானே பாடம் சொல்லித்தரப் போறேன்" என்றாள். பேக்கரியில் அடுப்பு வேலை பார்க்கும் அப்பாவுக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால், இப்படி ஒரு பாடம் நடக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

பாடம் இதுதான். அம்மாவும் மகளும் காய்கறிக் கடை வரை போவார்கள். அங்கிருந்து வாலு முன்னால் நடந்து வீட்டுக்கு வழி காட்ட வேண்டும். அம்மா பின்னால் வருவாள், வாயைத் திறக்க மாட்டாள்.

இன்று மருந்துக் கடை முக்கில் வலப்பக்கம் திரும்ப வேண்டிய வாலு, ஒரு நாய்க்குட்டியை வேடிக்கை பார்த்தபடியே இடப்பக்கம் திரும்பிவிட்டாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பரீட்சை வைக்கிறவர்கள் தப்பை உடனே காட்டிக் கொடுத்துவிடுவார்களா என்ன?

தச்சுப் பட்டறை வந்தது. அதைத் தாண்டி நீளமாக ஒரு மதில். அப்புறம் பூட்டிய இரும்பு கேட். அதற்கு மேல் தெருவே இல்லை.

"அம்மா, இது நம்ம தெரு இல்ல."

அம்மா நின்றாள். முன்னே பார்த்தாள், பின்னே பார்த்தாள். முகம் வெளுத்தது. அடுத்த நிமிடம் வாலுவின் முதுகில் பளாரென்று ஓர் அறை விழுந்தது.

"தினம் தினம் தொண்டைத் தண்ணி வத்தச் சொல்லித்தர்றேனே! உன் மண்டையில என்னதான் இருக்கு?"

வாலு வீறிட்டு அழுதாள். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அம்மா அந்தக் கேட்டின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இவளுக்கு வராது, இவளுக்கு இது வரவே வராது" என்று தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஆறு வயதுப் பிள்ளை ஒரு திருப்பத்தைத் தவறவிட்டதற்குக் குடியே முழுகிவிட்டதைப் போல ஒரு தாய் அழுவாளா?

அம்மா அழுவதைப் பார்த்த வாலுவுக்குத் தன் அழுகை நின்றுபோனது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, சைக்கிளில் போன ஒருவரைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"மாமா, வழி தெரியல. எங்கப்பாவுக்கு போன் போட்டுத் தர்றீங்களா?"

இந்தமுறை ஓர் எண்ணைக்கூட அவள் விழுங்கவில்லை.

அப்பா மாவுக் கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தார். மகளின் கன்னத்தில் கண்ணீர்க் கோடுகளைப் பார்த்ததும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"அடிச்சியா இவளை?"

அம்மா தலை குனிந்தாள்.

"ரெண்டு சந்து தள்ளி வீட்டை வெச்சுக்கிட்டு, பச்சப்பிள்ளைய இப்படி நடுத்தெருவுல அழ வெச்சிருக்கியே, உனக்கு என்ன வந்துச்சு? நாலு தட்டை எண்ணச் சொல்லு, ஒரு பூ வரையச் சொல்லு. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு அது போதாதா?"

"போதாது."

"எது போதாது? தெருமுனைக் கடைக்குக்கூட இவளை நாம தனியா அனுப்புறதில்ல. எப்பவும் உன் கையைப் பிடிச்சுக்கிட்டேதானே வர்றா. ஊர் வழியெல்லாம் அத்துப்படியான நீ கூட இருக்கறப்ப, இவ எங்கடி தொலைஞ்சு போகப் போறா?"

அம்மா மெல்ல நிமிர்ந்தாள். அழுது ஓய்ந்த அந்த முகத்தில் இப்போது கோபமும் இல்லை, பிடிவாதமும் இல்லை. எதுவுமே இல்லை.

"பாடம் சொல்லித்தரவா நான் வேலையை விட்டேன்? தபால் பையும் கையுமா, எந்தத் தெருவுல நிக்கறோம்னே தெரியாம நின்னேங்க. மறதி நோயாம், இனிமே கூடிட்டேதான் போகுமாம்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றாள். "நீங்க வேலைக்குப் போயிட்டா, என்னைக் கையைப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வர இவளை விட்டா யாருங்க இருக்கா?"