தீர்ப்பு நாளில் ஒரு குடிகாரர்

“குடிச்சிட்டு கோர்ட்டுக்கு வர்ற மூஞ்சியைப் பாரு. வெளியே போய்யா.”

பெண்களைச் சோதிக்கும் மறைப்புக்குள்ளிருந்து வெளியே வந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திட்டு வாங்கிக்கொண்டு நின்றது அவள் புருஷன்.

ஆண்கள் வரிசையில் சோதனை போடும் ஏட்டு, அவர் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“யாரைப் பார்த்து என்ன பேசறீங்க? பேங்க் பண வண்டிக்குக் காவல் போறவருங்க அவரு. குடிச்சா அந்த வேலையில ஒரு நாள் விட்டு வைப்பாங்களா?”

“தள்ளும்மா. தினம் எத்தனை பேரைப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?”

“ஏங்க, நீங்களாவது வாயைத் திறந்து சொல்லுங்களேன்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

குடித்துவிட்டுக் காரோட்டிய ஒருத்தன்தான் அவர்களுடைய ஒரே பிள்ளையை மோதிக் கொன்றான். அந்த வழக்கில் இன்று தீர்ப்பு. இன்றைக்கென்று பார்த்து இவருக்குக் குடிகாரப் பட்டம். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்றால் இதுதான்.

ஏட்டு ஓர் இளம் போலீஸ்காரரைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். அவர் இவள் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஆட்டோவில் ஏற்றி, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வரிசையில் நின்றவர்களுக்கு நல்ல வேடிக்கை. ஒருவர் சிரிக்கவும் செய்தார்.

“பெத்தவர் தீர்ப்பைக் கேக்கக் கூடாதா? நீங்களும் ஒரு தகப்பன்தானே?”

“நீ போய்க் கேளும்மா, நேரமாச்சு,” என்றார் ஏட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல்.

தனியாகப் போய் உட்கார்ந்தாள். காரோட்டியவன் இரண்டு பெஞ்சு முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அவனுடைய அம்மா அவன் முதுகைத் தடவிக்கொடுத்தபடி இருந்தாள்.

நீதிபதி வாசித்ததில் பாதி அவளுக்குப் புரியவில்லை. போதையில் ஓட்டினான் என்பதற்கும், தப்பு அவன்மேல்தான் என்பதற்கும் சரியான சாட்சியம் இல்லையாம். கடைசி வார்த்தை மட்டும் நன்றாகவே புரிந்தது. விடுதலை.

அழுகை வரவில்லை. அழுது தீர்ந்துபோயிருந்தது. ஆத்திரம் மட்டும் மிச்சம். அதைக் கொட்ட அவளுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது ஒரே ஓர் ஆள்தான்.

விறுவிறுவென்று வாசலுக்கு வந்தாள். குனிந்து ஒரு பிடி மண்ணை வாரினாள்.

“எம் புருஷனை நாலு பேர் சிரிக்க வெச்சியே, நீ நல்லா இருப்பியா?”

ஏட்டு நகரவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தூத்துங்கம்மா, வாங்கிக்கிறேன். ஒண்ணு மட்டும் கேட்டுட்டுத் தூத்துங்க. வண்டிக் காவலுக்கு வெச்சிருக்கிற துப்பாக்கி, அவர் இடுப்புல இருந்துச்சு.”

அவள் மண்ணைக் கீழே விட்டாள்.

“லைசென்ஸ் இருந்தாலும் இந்த வாசலைத் தாண்டி அது வரக்கூடாதும்மா. அதுதான் சட்டம். நான் கேஸ் எழுதியிருந்தா அவர் இப்ப லாக்கப்புல. எழுதாம உள்ளே விட்டிருந்தா…”

விடுதலையான பையனும் அவன் அம்மாவும் படியிறங்கி, இவர்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

“திருப்பி அனுப்ப ஏதாவது காரணம் சொல்லணுமே. குடிகாரன்னு சொன்னா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. துப்பாக்கியை அவர் ஆபீசுலயே ஒப்படைச்சாச்சு. கூடப் போன நம்ம ஆளு இப்பத்தான் போன் பண்ணினான். வீட்ல உட்கார்ந்து அழறாராம்.”

அவள் நின்ற இடத்திலேயே மடங்கி உட்கார்ந்துவிட்டாள். இப்போதுதான் அழுகை வந்தது.

ஏட்டு ஓர் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

“பிள்ளையைத்தான் காப்பாத்த முடியல. அவரையாவது வெச்சுக்கோங்கம்மா.”